டெக்சாஸ் முற்றத்தில் நிழலுக்கு ஓக்: கொட்டை பொறுக்குவது முதல் கவாத்து வரை

ஓக் என்றதும் ஏற்காடு, நீலகிரிப் பக்கம் போய்வந்தவர்களுக்கு சில்வர் ஓக்தான் நினைவுக்கு வரும். காப்பித் தோட்டத்தில் மிளகுக்கொடி ஏற்றிவிட்டிருப்பார்களே, அந்த மரம். அது பெயரில் மட்டும்தான் ஓக். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வேறு குடும்பத்து மரம். அகராதியில் கருவாலி என்று இருக்கும் உண்மையான ஓக்கைப் பார்க்க இமயமலைப் பக்கம் போக வேண்டும். அதனால் டல்லாஸ், ஆஸ்டின், ஹூஸ்டன் என்று வந்து வீடு வாங்கிய பிறகுதான் நம்மவர்கள் பலருக்கு இந்த மரத்தோடு முதல் பழக்கமே.

வேம்பும் புங்கையும் வளர்த்த கைக்கு இங்கே மூன்று இடத்தில் சறுக்கும். குழியில் எருவைக் கொட்டி நிரப்புவது, கன்று சாயாமலிருக்க ஆழமாக ஊன்றுவது, துளிர்க்கும் காலத்தில் கிளை கழிப்பது. ஊரில் இவற்றால் பெரிய நஷ்டம் வராது. டெக்சாஸ் ஓக்குக்கு இந்த மூன்றுமே ஆபத்து. மூன்றாவது தவறு உங்கள் மரத்தோடு நிற்காமல் தெருவையே காலி பண்ணும்.

எந்த ஓக்?

நர்சரிக்குப் போய் "ஓக் கன்று கொடுங்கள்" என்று கேட்டு வாங்கி வரக்கூடாது. டெக்சாஸில் ஓக் இனங்கள் நிறைய. உங்கள் மண்ணுக்கு ஒத்துவருவது நாலைந்துதான்.

முதலில் இரண்டு கூட்டத்தைப் பிரித்தறியப் பழகுங்கள், நோய் பேசும்போது இது வேண்டியிருக்கும். இலையின் மடல் நுனியில் மயிர் போல முள் நீட்டிக்கொண்டிருந்தால் சிவப்பு ஓக் கூட்டம். மடல் உருண்டையாக, முள் இல்லாமல் இருந்தால் வெள்ளை ஓக் கூட்டம். லைவ் ஓக் இரண்டிலும் சரியாக அடங்காது. இலை சிறியதாக, தடித்து, பெரும்பாலும் மடலே இல்லாமல் இருக்கும்.

லைவ் ஓக் ஏறக்குறைய வருடம் முழுக்கப் பச்சையாக நிற்கும். உயரத்தைவிட அகலம் அதிகம், நன்றாக வளர்ந்தால் 60 அடிக்கு மேல் குடை விரிக்கும். ஹூஸ்டன், கடலோரம் என்றால் சதர்ன் லைவ் ஓக். ஆஸ்டின், சான் அன்டோனியோ, அவற்றுக்கு மேற்கே ஹில் கன்ட்ரி என்னும் குன்றுப் பகுதி என்றால் வறட்சியையும் குளிரையும் கூடுதலாகத் தாங்கும் எஸ்கார்ப்மென்ட் லைவ் ஓக். நிழலில் இதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் ஓக் வில்ட் என்ற, ஓக்கையே வாட்டிக் கொல்லும் பூஞ்சாண நோய் இருக்கும் பகுதியில் எல்லா வீட்டிலும் லைவ் ஓக்காகவே இருந்தால், உங்கள் வீட்டுக்கு வேறு இனம் பாருங்கள்.

பர் ஓக் வெள்ளைக் கூட்டம். கொட்டை எலுமிச்சங்காய் அளவு இருக்கும், தொப்பியின் ஓரத்தில் குஞ்சம். சுண்ணாம்பு மிகுந்த களிமண்ணிலும் முகம் சுளிக்காது, ஓக் வில்ட்டுக்கும் நன்றாகவே தாக்குப்பிடிக்கும். இடம் தாராளமாக இருக்கிறதென்றால் முதல் சிபாரிசு இதற்குத்தான். சின்காபின் ஓக்கும் இதே குணம், உடம்பு கொஞ்சம் சிறிது.

ஷூமார்ட் ஓக்கும் டெக்சாஸ் ரெட் ஓக்கும் நவம்பரில் செக்கச்செவேல் என்று மாறும், அந்த அழகுக்காகவே வாங்குவார்கள். இவை சிவப்புக் கூட்டம், வில்ட் வந்தால் சில வாரங்களில் முடிந்துவிடும். இன்னொரு சிக்கலும் உண்டு. ஷூமார்ட் என்று விற்கும் கன்றுகளில் பின் ஓக் கலப்பு இருக்கும். அந்தக் கலப்பு டல்லாஸ் பக்கத்துக் காரமண்ணில் வருடா வருடம் வெளிறி நிற்கும். கோடையில் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும் கன்றைத் தொடவே வேண்டாம். பின் ஓக், வாட்டர் ஓக் இரண்டும் கிழக்கு டெக்சாஸின் புளிப்பு மண்ணுக்கு உரியவை, மற்றவர்கள் விட்டுவிடலாம்.

டல்லாஸில் தொடங்கி ஆஸ்டினின் கிழக்குப் பக்கமாக சான் அன்டோனியோ வரை நீளும் கருமண் பட்டை நம் கோவில்பட்டிக் கரிசலுக்கு உறவுதான். மழையில் வீங்கும், வெயிலில் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும். கரிசலில் தண்ணீர் எப்படி நிற்கும் என்று தெரிந்தவர்களுக்குக் கீழே சொல்லும் பாதி விஷயம் தானாகப் புரியும்.

இடம் பார்ப்பது

மாலை வெயில் சுவரைச் சுடும் மேற்கு, தென்மேற்குப் பக்கம்தான் நிழலுக்கு அதிகப் பலன். வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி நடுங்கள். பர் ஓக், லைவ் ஓக் என்றால் 25 முதல் 30 அடி. மேலே மின்கம்பி போகிறதா என்று நிமிர்ந்து பாருங்கள். வேர் குடையின் விளிம்பையும் தாண்டி வெகுதூரம் படரும், ஆனால் பெரும்பகுதி மேல் ஒன்றரை அடி மண்ணிலேயே இருக்கும். நடைபாதைக்கு அருகே வைத்தால் பதினைந்து வருடத்தில் கான்கிரீட்டைத் தூக்கும்.

குழி தோண்டுவதற்கு இரண்டு வேலை நாள் முன்னதாக 811-க்குப் போன் செய்யுங்கள். காஸ், மின்சாரம், கேபிள் எங்கே போகிறது என்று இலவசமாக வந்து கலர் அடித்துவிட்டுப் போவார்கள். முன்முற்றம் என்றால் வீட்டு அசோசியேஷனின் மரப் பட்டியலையும் ஒரு தரம் பாருங்கள். நட்ட பிறகு பிடுங்கச் சொன்னால் கன்று பிழைக்காது.

அடுத்தது வடிகால். ஓரடி ஆழக் குழியில் தண்ணீர் நிரப்பி வடிய விட்டு, மறுபடி நிரப்புங்கள். மறுநாள் அதே நேரத்துக்கும் தண்ணீர் நின்றால் அந்த இடம் ஆகாது. வேறு இடமே இல்லையென்றால் பத்தடி அகலத்துக்கு மண்மேடு போட்டு அதன் மேல் நட வேண்டும்.

கொட்டையிலிருந்து வளர்க்க

பொறுமை இருப்பவர்களுக்கு இதுதான் நல்ல வழி, காசும் ஆகாது. அதிலும் பர் ஓக்குக்கு முதல் வருடத்திலேயே ஆணிவேர் நாலடிக்கு மேல் இறங்கும். மேலே ஒரு சாண் செடிதான் தெரியும். அந்த வேரைத் தொட்டியில் சுருட்டி வைத்து வளர்த்ததற்கும் நேராக மண்ணில் இறக்கியதற்கும் பத்து வருடம் கழித்து வித்தியாசம் தெரியும்.

செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் வரை பொறுக்கலாம். பழுப்பேறி, தொட்டதும் தொப்பி கழன்று வரும் கொட்டைதான் முற்றியது. தொப்பி ஒட்டிக்கொண்டே விழுந்திருந்தால் பெரும்பாலும் சொத்தை. குண்டூசித் தலை அளவுக்கு உருண்டையான ஓட்டை இருந்தால் உள்ளே இருந்த புழு தின்று முடித்து வெளியேறிவிட்டது என்று அர்த்தம். மிச்சத்தை வாளித் தண்ணீரில் ஓர் இரவு போட்டுவைத்து, காலையில் மிதப்பவற்றை எறிந்துவிட்டு மூழ்கியதை மட்டும் வையுங்கள்.

நெல், உளுந்து போல இதைக் காயவைத்துச் சேமிக்க முடியாது. காய்ந்தால் செத்துவிடும். லைவ் ஓக், பர் ஓக் கொட்டைகளை எடுத்த வாரமே விதையுங்கள், குளிர்காலத்துக்குள்ளேயே வேர் விடும். சிவப்புக் கூட்டத்துக்குக் குளிர் காட்டியாக வேண்டும். பிழிந்தால் சொட்டாத அளவு ஈர மணலில் கலந்து, பிளாஸ்டிக் பையில் கட்டி, ஃபிரிட்ஜில் காய்கறித் தட்டில் 45 முதல் 90 நாள் வையுங்கள். ஃப்ரீசரில் வைத்தால் போச்சு. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பையைத் திறந்து பூசணம் பிடித்ததைக் களையுங்கள்.

மரம் நிற்க வேண்டிய இடத்திலேயே மூன்று கொட்டையை ஓரங்குல ஆழத்தில் படுக்கைவசமாக வைத்து மூடுங்கள். மேலே அரை அங்குலக் கண் உள்ள கம்பி வலையைக் கூண்டாக வளைத்து, ஓரத்தை மண்ணில் புதையுங்கள். வலை போடாமல் விதைப்பது அணிலுக்குப் படையல் வைப்பது போல. முளைத்ததில் நல்லதொன்றை நிறுத்தி மற்றவற்றை இழுக்காமல் கத்தரித்துவிடுங்கள். தொட்டிதான் என்றால் குறைந்தது ஓரடி ஆழம் இருக்கட்டும், ஒரே குளிர்காலத்துக்குள் தரைக்கு மாற்றிவிடுங்கள்.

கன்று வாங்கும்போது

பெரிய மரமாக வாங்கினால் சீக்கிரம் நிழல் கிடைக்கும் என்பது கணக்குத் தப்பு. மூன்று, நான்கு அங்குலத் தண்டுள்ள மரம் இடம்மாறிய அதிர்ச்சியில் சில வருடம் அசையாமல் நிற்கும். 15 காலன் தொட்டியில் ஓரங்குலம், ஒன்றரை அங்குலத் தண்டோடு வரும் கன்று அதற்குள் வேர் பிடித்து எட்டிப்பிடித்துவிடும். விலையும் கால்வாசி, நீங்களே இறக்கி நடலாம்.

கடையில் மூன்று விஷயம் பாருங்கள். நடுத்தண்டு ஒன்றாக இருக்க வேண்டும், மேலே கவட்டையாகப் பிரிந்தது வேண்டாம். பட்டையில் ஆழமான காயம் இருக்கக்கூடாது. மூன்றாவதுதான் முக்கியம். தொட்டியின் மேல்மண்ணை விரலால் விலக்கித் தூர் எங்கே விரிகிறது என்று தேடுங்கள். தண்டு கீழே வரவர அகன்று வேராகப் பிரியும் இடம் அது. நர்சரியில் தொட்டி மாற்றும்போதெல்லாம் மேலே மண் ஏறி, மூன்று நான்கு அங்குலம் புதைந்திருப்பது சகஜம். விரல் முழுக்க இறங்கியும் தண்டு மின்கம்பம் போல நேராகவே போனாலோ, தடித்த வேர் ஒன்று தண்டைச் சுற்றி வளைத்திருந்தாலோ அடுத்த கன்றுக்குப் போங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

குழியும் நடவும்

நடுவதற்கு நல்ல காலம் அக்டோபர் நடுவிலிருந்து ஜனவரி வரை, நம் கணக்கில் ஐப்பசியிலிருந்து தை முதல்பாதி வரை. மேலே இலை வேலை ஓய்ந்திருக்கும், மண்ணில் சூடு மிச்சமிருக்கும், வேர் தன் பாட்டுக்கு ஓடும். மே மாதத்தில் நட்டால் முதல் கோடை முழுக்க ஆஸ்பத்திரி நோயாளியைப் பார்ப்பது போல் பார்க்க வேண்டியிருக்கும்.

குழியின் ஆழத்தைத் தொட்டியின் உயரத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். தூர் விரியும் இடத்துக்கு மேலே ஏறியிருக்கும் மண்ணை முதலில் சுரண்டி எடுங்கள். அங்கிருந்து தாய்மண் கட்டியின் (தொட்டியிலிருந்து வேரோடு வரும் மண்ணின்) அடிவரை எத்தனை அங்குலம் என்று அளந்து, அதில் ஓரங்குலம் குறைத்துத் தோண்டுங்கள். களிமண் என்றால் இரண்டங்குலம் குறையுங்கள். நட்டு முடித்ததும் தூர் சுற்றியுள்ள தரையைவிடச் சற்றே தூக்கி நிற்க வேண்டும். அடியில் கொத்தாத மண் இருக்கட்டும், கொத்திவிட்டால் நனைந்து அமுங்கிக் கன்று உள்ளே போய்விடும்.

அகலம் மட்டும் தாராளமாக, தாய்மண்ணைப் போல இரண்டு மூன்று மடங்கு. கிண்ணம் போலச் சரிவாக இருந்தால் நல்லது. ஈரக் களிமண்ணில் மண்வெட்டி பட்ட சுவர் பானை போல வழவழவென்று ஆகிவிடும், வேர் அதில் முட்டித் திரும்பி உள்ளேயே சுற்றும். கடப்பாரை நுனியால் சுவர் முழுக்கக் கீறிவிடுங்கள்.

கன்றைத் தண்டைப் பிடித்துத் தூக்காதீர்கள். தொட்டியைப் படுக்கவைத்து உருவுங்கள். ஓரத்தில் வேர் சுற்றிச் சுற்றிப் பாய் பின்னியிருக்கும். அதை விரலால் பிரித்துக்கொண்டிருக்க வேண்டாம். கூரான ரம்பத்தால் நான்கு பக்கமும், அடியிலும், ஓரங்குலத்துக்குச் சீவிவிடுங்கள். பார்க்கக் கொடுமையாக இருக்கும். ஆனால் சீவாமல் விட்ட வேர் அதே வட்டத்தில் தடித்து, பத்துப் பதினைந்து வருடம் கழித்துத் தன் மரத்தின் கழுத்தையே நெரிக்கும். அப்போது காற்றில் மரம் சாயும்போதுதான் காரணம் தெரியவரும். சாக்கு, கம்பிக் கூடையோடு வந்த மரம் என்றால் குழிக்குள் நிறுத்திய பிறகு, மேல்பாதிக் கம்பியையும் தண்டைச் சுற்றிய கயிறு முழுவதையும் வெட்டி எடுங்கள்.

இப்போது மண் தள்ளுவது. தோண்டியெடுத்த அதே மண்தான், வேறொன்றும் வேண்டாம். தொழுவுரம், மண்புழு உரம், பை மண் எதுவும் கலக்க வேண்டாம். இதை ஒப்புக்கொள்ள நமக்குக் கஷ்டமாக இருக்கும். காரணம் இதுதான்: களிமண்ணுக்கு நடுவே பொலபொலப்பான எருக்குழி இருந்தால் சுற்றுவட்டாரத் தண்ணீரெல்லாம் அதில் வந்து இறங்கி, வெளியேற வழியில்லாமல் கிணறு போல நிற்கும். வேர் மூச்சுமுட்டி அழுகும். அழுகாமல் தப்பினாலும், சொகுசான குழியை விட்டு வேர் வெளியே வர யோசிக்கும். எரு போட்டே ஆக வேண்டுமென்றால் மேலே, மூடாக்காகப் பரப்பும் மரச்சீவலுக்கு அடியில், ஓரங்குலம் பரப்புங்கள். ரசாயன உரம் முதல் வருடம் வேண்டாம்.

பாதி மண் தள்ளியதும் ஹோஸால் தண்ணீர் விட்டுக் காற்றறைகளை அடக்குங்கள், காலால் மிதிக்காதீர்கள். மீதியைத் தள்ளி மறுபடி தண்ணீர். தாய்மண் கட்டியின் மேல் கூடுதல் மண் விழுந்திருந்தால் விலக்கிவிடுங்கள். கட்டியின் விளிம்பை ஒட்டி மூன்றங்குல உயரத்துக்கு வட்டப்பாத்தி கட்டுங்கள். முதல் வருடத்துக்குப் பிறகு பாத்தியைக் கலைத்துவிடலாம்.

தண்டைப் பிடித்து ஆட்டும்போது அடிமண்ணோடு சேர்ந்து ஆடினால்தான் முட்டு தேவை. இரண்டு பக்கமும் கம்பு நட்டு, அகலமான நாடாவால் தளர்வாகக் கட்டுங்கள். தண்டு கொஞ்சம் ஆட வேண்டும், ஆடினால்தான் அடி பருக்கும். ஒரு வருடத்தில் அவிழ்த்துவிடுங்கள். மறந்தால் நாடா பட்டைக்குள் புதைந்துவிடும்.

தண்ணீர்

கணக்கு எளிது. தரையிலிருந்து அரையடி உயரத்தில் தண்டின் விட்டத்தை அளந்து, அங்குலத்துக்குப் பத்து காலன். இரண்டங்குலக் கன்றுக்கு ஒரு தரத்துக்கு 20 காலன், அதாவது ஐந்து காலன் வாளி நான்கு. அடியில் ஓரமாகச் சின்னத் துளை போட்ட வாளியைத் தாய்மண் மேல் வைத்து நிரப்பிவிட்டால் ஓடி வீணாகாமல் நிதானமாக இறங்கும்.

முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், அளவில் பாதி. குளிர்காலத்தில் மழை இல்லாவிட்டால் வாரம் ஒரு முறை. முதல் கோடையில் வாரம் இரண்டு. இரண்டாம் கோடையில் வாரம் ஒன்று, மூன்றாவதில் இரண்டு வாரத்துக்கு ஒன்று. அதற்குப் பிறகு பெரும் வறட்சியில் மட்டும், தூரில் இல்லாமல் குடையின் விளிம்பில் விட வேண்டும்.

இதெல்லாம் தோராயம்தான். ஊற்றும் முன் நீளமான ஸ்க்ரூடிரைவரைத் தாய்மண்ணில் ஆறங்குலம் இறக்கிப் பாருங்கள். சிரமமின்றி இறங்கி, நுனியில் ஈரமண் ஒட்டினால் அன்றைக்கு வேண்டாம். இங்கே ஏமாற்றம் இரண்டு விதமாக வரும். சுற்றுமண் ஈரமாக இருக்க, நர்சரிக் கலவையான தாய்மண் மட்டும் காய்ந்துபோயிருக்கும், அதனால் சோதனை தண்டுக்கு அருகில்தான். இன்னொன்று, தண்ணீர் அதிகமானாலும் இலை வாடித்தான் தொங்கும். வாடியதைப் பார்த்து இன்னும் ஊற்றி, ஊற்றியே கொல்பவர்கள் அதிகம். மண்ணைக் கிளறி முகர்ந்தால் சாக்கடை வாடை அடித்தால் குழாயை மூடிவிட்டு ஒரு வாரம் விடுங்கள்.

புல்லுக்கு ஓடும் ஸ்பிரிங்க்ளரை நம்பாதீர்கள். அது மேல் ஓரிரு அங்குலத்தோடு நின்றுவிடும், தண்டிலும் தினம் அடித்து நனைக்கும்.

மூடாக்கும் காவலும்

தண்டைச் சுற்றி மூன்றடி ஆரத்துக்குப் புல்லை எடுத்துவிட்டு, மரச்சீவல் மூன்றங்குலம் போடுங்கள். தண்டிலிருந்து நான்கு விரற்கடை இடைவெளி விட்டு. தண்டோடு சேர்த்து எரிமலை போலக் குவிப்பதை இங்கே தெருவுக்குத் தெரு பார்க்கலாம், லேண்ட்ஸ்கேப் ஆட்களே அப்படித்தான் போட்டுவிட்டுப் போவார்கள். பட்டை ஈரத்திலேயே ஊறி அழுகும், அதற்குள் புது வேர் கிளம்பித் தண்டைச் சுற்றும். அவர்கள் போன பிறகு கையால் விலக்கிவிடுங்கள்.

இளங்கன்றுக்கு முதல் எதிரி புல் நறுக்கும் நைலான் கயிற்று மெஷின். பட்டையைச் சுற்றி ஒரே ஒரு வட்டம் சீவினால் போதும், கன்று காலி. ஹில் கன்ட்ரியில் மான் இரண்டாவது எதிரி. இலையைத் தின்பதோடு, இலையுதிர்காலத்தில் ஆண்மான் கொம்பைத் தண்டில் தேய்த்துப் பட்டையை உரிக்கும். ஐந்தடி உயரக் கம்பிக் கூண்டு கட்டுங்கள்.

கவாத்தும் ஓக் வில்ட்டும்

பிப்ரவரி 1 முதல் ஜூன் 30 வரை ஓக்கில் கத்தி வைக்கக்கூடாது. இந்த ஒரு வரியை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாலும் தகும்.

ஓக் வில்ட் ஒரு பூஞ்சாண நோய், மரத்துக்குள் தண்ணீர் ஏறும் குழாய்களை அடைத்துவிடும். நோயில் செத்த சிவப்பு ஓக்கின் பட்டைக்கு அடியில், வசந்தத்தின் மிதமான வெப்பத்தில், பூஞ்சாணம் பாய் போல வளர்ந்து பட்டையைப் பிளக்கும். அதிலிருந்து பழ வாடை வரும். அந்த வாடைக்குச் சின்னஞ்சிறு சாறுண்ணி வண்டுகள் வந்து, உடம்பில் வித்துகளை அப்பிக்கொண்டு போகும். அடுத்து அவை தேடுவது புதிதாக வெட்டிய ஓக்கின் சாறு. நீங்கள் மார்ச் மாதத்தில் வெட்டிய கிளைதான் அதற்கு வாசல்.

அதன் பிறகு வண்டே வேண்டாம். லைவ் ஓக்குகளின் வேர்கள் மண்ணுக்குள் ஒன்றோடொன்று ஒட்டிப் பின்னியிருக்கும், பல மரங்கள் ஒரே வேரிலிருந்து கிளம்பியவை. நோய் வருடத்துக்குச் சராசரியாக 75 அடி நகர்ந்துகொண்டே போகும், வேலி எல்லை அதற்குத் தெரியாது.

அடையாளம்: லைவ் ஓக்கில் விழுந்த இலையை எடுத்துப் பாருங்கள். இலை பச்சையாக இருக்க, நரம்பு மட்டும் மஞ்சளாகவோ பழுப்பாகவோ, மீன்முள் வரைந்தது போலத் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். மரம் சில மாதத்தில் காயும், சில அரைகுறையாகப் பிழைக்கும். சிவப்பு ஓக்கில் அவ்வளவு அவகாசம் இல்லை, ஓரிரு மாதத்துக்குள் முழு மரமும் பழுப்பாகிவிடும். சந்தேகம் வந்ததும் டெக்சாஸ் ஏ அண்ட் எம் வனத்துறையையோ, ஓக் வில்ட் தெரிந்த சான்றிதழ் பெற்ற மர நிபுணரையோ கூப்பிடுங்கள். மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பி உறுதி செய்யலாம். வைத்தியம் இரண்டுதான். ஒன்று, நோயுள்ள மரத்திலிருந்து நூறடி தள்ளி, குறைந்தது நாலடி ஆழத்துக்கு அகழி வெட்டி வேர்த்தொடர்பைத் துண்டிப்பது. மற்றது, இன்னும் நோய் வராத லைவ் ஓக்கின் தூரில் புரோபிகோனசோல் மருந்தை ஏற்றுவது. இரண்டும் செலவு. அகழியோ பக்கத்து வீட்டார் சேராமல் நடக்காது.

வெட்டச் சரியான காலம் டிசம்பர், ஜனவரிக் கடுங்குளிர், அல்லது ஜூலை, ஆகஸ்ட் கொடும் வெயில். எந்த மாதமானாலும் வெட்டிய கையோடு பெயின்ட் அடியுங்கள். நாளைக்கு என்றில்லை, ஏணியிலிருந்து இறங்கும் முன்பே. சுவருக்கு அடிக்கும் லேடெக்ஸ் போதும், ஸ்ப்ரே பெயின்ட்டும் போதும். மரக்காயத்துக்குப் பெயின்ட் வேண்டாம் என்று பொதுவாகச் சொல்வதும் சரிதான், மற்ற மரங்களுக்கு. இங்கே பெயின்ட் ஆற்றுவதற்கு இல்லை, வண்டுக்குச் சாற்று வாடை போகாமலிருக்க. புயலில் ஏப்ரல் மாதம் கிளை முறிந்தால் முறிந்த இடத்துக்கும், வேரில் மண்வெட்டி பட்டால் அங்கும் உடனே அடிக்க வேண்டும். வீடு வீடாக வந்து "மலிவாக வெட்டித் தருகிறோம்" என்று கேட்பவர்கள் வசந்தத்தில்தான் அதிகம் வருவார்கள். பெயின்ட் டப்பா வண்டியில் இருக்கிறதா என்று கேளுங்கள், பதிலிலேயே ஆளைத் தெரிந்துகொள்ளலாம்.

எதை வெட்டுவது? முதல் இரண்டு வருடம் காய்ந்தது, முறிந்தது தவிர எதையும் வேண்டாம். கீழ்க்கிளைகள் தண்டைப் பருக்கவைக்கும், பட்டையை வெயிலிலிருந்து காக்கும். நடக்க இடைஞ்சல் என்று கீழே எல்லாவற்றையும் வழித்துவிட்டால் தண்டு ஒல்லியாக, உச்சி கனத்து, துடைப்பம் போல நிற்கும். மூன்றாம் வருடத்திலிருந்து நடுத்தண்டோடு போட்டி போடும் கிளையைப் பாருங்கள். கவட்டையை அப்படியே வளரவிட்டால் இருபது வருடத்தில் நடுவே பிளக்கும். போட்டிக்கிளையை ஒரேயடியாக எடுக்காமல் பாதியாகக் குறைத்து அடக்குங்கள், அடுத்த பருவத்தில் முழுதாக எடுக்கலாம். ஒரு வருடத்தில் இலைத்தொகுதியில் கால்பங்குக்கு மேல் போகக்கூடாது. கீழ்க்கிளைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக, ஏழெட்டு வருடத்தில் உயர்த்திக்கொண்டு போகலாம்.

கிளை தண்டில் சேருமிடத்தில் சுருக்கம் விழுந்த தடித்த வளையம் இருக்கும், காயத்தை மூடுவது அதுதான். வளையத்துக்கு வெளியே, அதை ஒட்டி வெட்டுங்கள். கனமான கிளைக்கு மூன்று வெட்டு: தண்டிலிருந்து ஓரடி தள்ளி அடியில் கால்பங்கு அறுங்கள், அதற்கு இரண்டங்குலம் வெளியே மேலிருந்து அறுத்துக் கிளையை விழவிடுங்கள், மிஞ்சிய குட்டையை வளையத்தை ஒட்டி எடுங்கள். அடிவெட்டு இல்லாமல் மேலிருந்து மட்டும் அறுத்தால் கிளை விழும்போது தண்டின் பட்டையை வாழைநார் போல உரித்துக்கொண்டு போகும்.

விறகு வாங்கும்போதும் கவனம். வில்ட்டில் செத்த பச்சைச் சிவப்பு ஓக் விறகு வண்டுக்கு விருந்து. நன்றாகக் காய்ந்ததையே வாங்குங்கள்.

வேறு சில தொல்லைகள்

லைவ் ஓக் பிப்ரவரி கடைசியிலும் மார்ச்சிலும் மஞ்சளாகி இலை கொட்டும். முதல் வருடம் பார்ப்பவர்கள் மரம் போய்விட்டது என்றே நினைப்பார்கள். பழசு விழப் புதுசு துளிர்க்கும், அவ்வளவுதான். இலையிலும் சிம்பிலும் கோலிக்குண்டு போல வரும் முடிச்சு, குளவி முட்டையிட்டதால் வருவது, மருந்து தேவையில்லை. கிளையில் சாம்பல் நிறத்தில் உருண்டை உருண்டையாகத் தொற்றும் பந்துப்பாசியும் உறிஞ்சாது, புல்லுருவி மாதிரி நினைத்துப் பயப்பட வேண்டாம்.

இலை மஞ்சளாகி நரம்பு பச்சையாக நின்றால் இரும்புச்சத்துக் குறைவு. மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை, சுண்ணாம்பு அதை வேருக்குக் கிடைக்கவிடாமல் பிடித்துவைக்கிறது. இ.டி.டி.எச்.ஏ. வகைக் கீலேட் இரும்புதான் காரமண்ணில் வேலை செய்யும், மலிவான மற்ற வகை வீண். முன்னே சொன்ன வில்ட் அடையாளத்துக்கு இது நேர் எதிர் என்பதைக் கவனியுங்கள்: அங்கே நரம்பு கெடும், இங்கே நரம்பு பச்சை.

பட்டை பாளமாக உதிர்ந்து, அடியில் பழுப்பும் வெள்ளிச் சாம்பலுமாகப் பூச்சு தெரிந்தால் ஹைப்பாக்சிலான். வறட்சியில் நொந்த மரத்தைத் தாக்கும் பூஞ்சாணம், மருந்து கிடையாது. 2011 வறட்சியில் டெக்சாஸ் காடுகளில் ஏறத்தாழ 30 கோடி மரங்கள் போயின, அடுத்தடுத்த வருடங்களிலும் போஸ்ட் ஓக் என்ற நாட்டு இன மரங்கள் இப்படித்தான் விழுந்துகொண்டிருந்தன. 2021 பிப்ரவரி உறைபனியில் நடந்தது இதற்கு மாறான கதை. இலை முழுக்கப் பொசுங்கிய லைவ் ஓக்குகள் பல தாமதமாகத் துளிர்த்தன. அவசரப்பட்டு வெட்டியவர்கள் உயிருள்ள மரத்தை இழந்தார்கள். சிம்பை நகத்தால் கீறுங்கள், உள்ளே பச்சை இருந்தால் ஜூன் வரை பொறுங்கள்.

ஏற்கெனவே பெரிய ஓக் நிற்கும் வீடு வாங்கியவர்களுக்கு

தண்டின் விட்டம் ஓரங்குலத்துக்கு ஓரடி ஆரம் என்று வைத்து, அந்த வட்டத்துக்குள் தோண்டுவது, மண் ஏற்றுவது, வண்டி நிறுத்துவது எதுவும் கூடாது. 20 அங்குல மரத்துக்கு 20 அடி. பூச்செடிப் பாத்திக்காக நாலைந்து அங்குலம் மண் போட்டாலே வேருக்குக் காற்று போகாது. பின்முற்றத்தில் கான்கிரீட் தளம், நீச்சல்குளம் போட்ட இரண்டு மூன்று வருடம் கழித்து மரம் உச்சியிலிருந்து காயத் தொடங்கும், அதற்குள் காரணம் மறந்துபோயிருக்கும். போஸ்ட் ஓக் இதில் எல்லாரையும்விடத் தொட்டாற்சிணுங்கி. அதன் அடியில் புல் போட்டு ஸ்பிரிங்க்ளர் வைப்பதுகூட ஆகாது.

லைவ் ஓக்கின் அடியில் நூற்றுக்கணக்கில் குட்டித்தளிர் கிளம்பும். கொட்டை முளைத்ததென்று நினைத்துக் களைக்கொல்லி அடிக்காதீர்கள். அவை தாய்மரத்தின் வேரிலிருந்தே வருபவை, மருந்து நேராகத் தாய்க்குப் போகும். மண்மட்டத்துக்கு நறுக்கிக்கொண்டே இருப்பதுதான் வழி. களைக்கொல்லி கலந்த புல் உரப் பைகளின் லேபிளையும் படியுங்கள், மரத்தடியில் போடாதே என்று பொடி எழுத்தில் இருக்கும். ஆஸ்டின் நகரின் ட்ரீட்டி ஓக், ஏறக்குறைய 500 வயது லைவ் ஓக், 1989-இல் ஒருவர் வேண்டுமென்றே வேரில் ஊற்றிய வெல்பார் என்ற களைக்கொல்லியால்தான் சாகக் கிடந்தது. மண்ணை அள்ளி மாற்றினார்கள், நிழல்திரை கட்டினார்கள், செலவுக்குத் தொழிலதிபர் ராஸ் பெரோ பணம் கொடுத்தார். அப்படியும் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. மிச்சமிருந்த பங்கு 1997-இல் மறுபடி கொட்டை பிடித்தது, அந்தக் கொட்டைகளை முளைக்கவைத்துக் கன்றுகளாக்கி நட்டார்கள்.